இன்சுலினுக்குக் கேட்காத உடம்பு

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் டாக்டர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோது முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நீங்கள் இன்று கையாளும் மருந்துகளில் பாதி நான் படித்த காலத்தில் இல்லை. நான் என்ன சொல்லிவிடப் போகிறேன் என்று நினைத்தேன். பிறகு ஒரு பெண்ணின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. தர்மபுரி மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் பொது மருத்துவப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எத்தனையோ உடம்புகளைப் பார்த்தாயிற்று. அவற்றில் என்னை வாயடைத்து நிற்க வைத்தது மாதேஸ்வரியின் உடம்புதான்.

அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது இருக்கும். அவளுடைய அண்ணன் முனிராஜ் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவன். அவன் மனைவி அங்கே மீன் வறுவல் கடை போட்டிருந்தாள். மாதேஸ்வரி அந்தக் கடையில் அடுப்படி வேலை பார்த்தாள். ஒரு முற்பகலில், வெளிநோயாளிகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முனிராஜ் அவளைத் தோளில் சாய்த்து அழைத்து வந்தான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் கழுத்திலும் தோல் கறுத்து, தடித்து, தொட்டால் வெல்வெட் துணி போல் இருந்தது.

"அடுப்புச் சூட்டுல நின்னு நின்னு கறுத்துப்போச்சுங்க மேடம்," என்றான் முனிராஜ். "ஆறேழு மாசத்துல பாதி ஆளா எளச்சுப்போச்சுங்க. தண்ணி தண்ணின்னு குடிக்குது. சக்கரைன்னு சொல்லி மாத்திரை குடுத்தாங்க, ஊசி குடுத்தாங்க. ஒண்ணும் கேக்கலைங்க."

விரலில் குத்திப் பார்த்தோம். கருவியில் எண்ணே வரவில்லை. அளவைத் தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டியது. உங்களில் யாரும் இதற்குப் பயப்பட மாட்டீர்கள். வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படி வருவார்கள். உப்புத் தண்ணீர் ஏற்றுவோம், இன்சுலின் கொடுப்போம், சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும். நாங்களும் அதையேதான் செய்தோம். சாயங்காலம் பார்த்தபோது, காலையில் இருந்த இடத்திலேயே நின்றது.

அளவை இரட்டிப்பாக்கினோம். மறுநாள் அதையும் இரட்டிப்பாக்கினோம். இறங்கவில்லை. இன்சுலின் குப்பி கெட்டுப்போயிருக்கும் என்று வார்டின் மூத்த செவிலியர் ஜெசிந்தா சிஸ்டர் சொன்னார். குளிர்பதனப் பெட்டியிலிருந்து புதுக் குப்பி எடுத்து வந்து அவரே போட்டார். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த இன்னொரு சர்க்கரை நோயாளிக்கு அதே குப்பியிலிருந்து கொஞ்சம் போட்டதும் சர்க்கரை மளமளவென்று இறங்கியது. மாதேஸ்வரிக்கு இறங்கவில்லை. ஒருவருக்கு ஒரு மாதம் வரக்கூடிய குப்பி அவளுக்கு ஒரு நாளைக்குப் போதவில்லை.

இப்படி ஆகும்போது வார்டில் அடுத்து என்ன பேச்சு வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

"யாரோ வெளியில இருந்து ஏதோ குடுக்கிறாங்க மேடம்," என்றார் பயிற்சி டாக்டர். "ஜூஸ், ஸ்வீட், ஏதாவது. இல்லன்னா இப்படி இருக்கவே முடியாது."

முனிராஜ் திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். அவன் காதில் விழுந்துவிட்டது. உள்ளே வந்து என்னைப் பார்த்துச் சொன்னான்: "எங்க பாப்பா பொய் சொல்லாதுங்க மேடம். முன்னாடியே ஒரு தடவை பொய்யின்னு சொல்லித்தான் அனுப்பிவிட்டாங்க. நீங்களும் அப்படிச் சொன்னீங்கன்னா நாங்க போயிடறங்க."

யார் அனுப்பிவிட்டார்கள், எதற்கு என்று அப்போது நான் கேட்கவில்லை. முதலில் அவன் போகாமல் இருக்க வேண்டும். "நான் அப்படிச் சொல்லலை முனிராஜ். ஆனா எனக்குத் தெரியணும். உன் தங்கச்சியை சிஸ்டர் மேஜைக்கு எதிர்க் கட்டில்ல மாத்தறேன். நீயும் கூடவே உட்கார்ந்துக்கோ. நாங்க அளந்து குடுக்கிற கஞ்சி மட்டும்தான். ஊசியை நிறுத்திட்டு மெஷின் வழியா ரத்தத்துலயே நேரா இன்சுலினை விடறோம். அப்பவும் இறங்கலைன்னா பொய் சொல்றது உன் தங்கச்சி இல்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்," என்றேன்.

ஒரு நோயாளி மேல் சந்தேகம் வந்தால் அதட்டிக் கேட்டுத் தீர்த்துக்கொள்ள முடியாது. அதட்டினால் உண்மையைச் சொல்பவளும் வாயை மூடிக்கொள்வாள். அவளுக்கும் தெரியும்படி, அவளுடைய ஆட்களையும் சேர்த்துக்கொண்டு, கண்ணால் பார்த்துத் தீர்க்க வேண்டும். ஒரு பகலும் இரவும் முழு வார்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேழ்வரகுக் கஞ்சியைத் தவிர அவள் வாயில் எதுவும் படவில்லை. இன்சுலின் நேராக ரத்தத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது. சர்க்கரை அசையவில்லை. காலையில் அந்தப் பயிற்சி டாக்டர் தானாகவே முனிராஜிடம் போய் டீ வாங்கிக் கொடுத்தார். 

இனி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இவ்வளவு இன்சுலினும் எங்கே போகிறது?

அதற்குப் பதில் தேடுவதற்குள் கால் வந்து குறுக்கே நின்றது. இடது காலில் கடைசி இரண்டு விரல்கள் முதலில் நீலம் பாரித்தன. மறுநாள் நுனி கறுத்தது. போர்வை உரசினாலே கத்தினாள். எங்கள் அறுவை சிகிச்சை நிபுணர் வந்து பார்த்தார். நல்ல கைராசிக்காரர். வளவளவென்று பேச மாட்டார்.

"சர்க்கரைக் கால். மேல ஏறுறதுக்கு முன்னாடி எடுத்துடலாம். பாதத்துல பாதி போகும். காத்திருந்தா முழங்காலுக்குக் கீழ போகும்," என்றார்.

சர்க்கரையால் கெட்ட கால்களை நம் மாவட்டத்தில் நீங்களும் நிறையப் பார்ப்பீர்கள். முள் குத்தியதுகூடத் தெரியாமல் நடந்தே வருவார்கள். உணர்ச்சி செத்துப்போன கால்கள் அவை. இவளுக்கோ ஒரு போர்வை பட்டால் உயிர் போகிறது. சர்க்கரை வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. பாதத்தின் மேல் விரல் வைத்துப் பார்த்தேன், நாடி நன்றாகத் துடித்தது. பெரிய குழாய்களில் ரத்தம் ஓடுகிறது, நுனியில் இருக்கும் பொடிக் குழாய்கள்தான் அடைத்திருக்கின்றன. இது எனக்கு ஒட்டவில்லை. ஆனால் ஒட்டவில்லை என்பதை மட்டும் சொல்லி ஒரு சர்ஜனின் கத்தியை நிறுத்த முடியாது.

நிறுத்தியது அவருடைய சொந்தப் பரிசோதனைதான். அறுவைக்கு முன் வழக்கமாக எடுக்கும் ரத்தம் உறையும் நேரம் மிக நீண்டதாக வந்தது. "இதென்ன, வெட்டினா ரத்தமே நிக்காது போலிருக்கே. இந்த ஆளை நான் எப்படி மேஜையில போடறது?" என்று எரிச்சலோடு என்னிடம் வந்தார்.

ரத்தத்தில் ஏதாவது குறைவதால் உறையாமல் இருந்தால், நல்ல ஆளின் ரத்தத் தெளிவை, அதாவது பிளாஸ்மாவைக் கலந்ததும் சரியாகிவிட வேண்டும். ஆய்வகத்தில் சொல்லிக் கலந்து பார்க்கச் சொன்னேன். சரியாகவில்லை. அப்படியானால் எதுவும் குறையவில்லை. ஏதோ ஒன்று கூடுதலாக இருந்து தடுக்கிறது. கண்ணாடிக் குழாயில் உறைய மறுக்கும் அதே ரத்தம், அவள் கால் விரலில் கட்டியாய் உறைந்து அடைத்துக்கொண்டிருக்கிறது.

இப்படி ஒரு நோய் உண்டு என்று புத்தகத்தில் படித்திருந்தேன். கட்டில்மேல் படுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதை அதுவரை பார்த்ததில்லை.

அவள் கட்டிலுக்குப் போய், முனிராஜை டீ குடிக்க அனுப்பிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன். "மாதேஸ்வரி, குழந்தை தங்கியிருக்கா உனக்கு?"

அவள் சுவரைப் பார்த்தாள். "ரெண்டு தடவைங்க மேடம். ரெண்டும் போயிடுச்சு. ரெண்டாவது அஞ்சு மாசம் தாண்டி."

"எதனாலன்னு சொன்னாங்களா?"

 பிறகு மெதுவாகச் சொன்னாள். காரிமங்கலம் பக்கம் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கணவர் கோவிந்தராஜ் டெம்போ ஓட்டுகிறவர். இரண்டாவது முறை கர்ப்பமாக இருந்தபோது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுப்பதுபோல் அவளுக்கும் பால்வினை நோய்க்கான ரத்தப் பரிசோதனை எடுத்திருக்கிறார்கள். எங்கே என்று அவள் சொன்னாள், நான் இங்கே எழுத வேண்டியதில்லை. இருக்கிறது என்று வந்துவிட்டது.

"கெட்ட வியாதின்னுட்டாங்க. எங்கூட்டுக்காரரும் போயி டெஸ்ட் எடுத்துக்கிட்டாரு. அவருக்கு ஒண்ணுமில்லைன்னு வந்துச்சு. அப்ப உனக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டாருங்க. நான் என்னன்னு சொல்லுவேன். எனக்கே தெரியல. ஊசி போட்டாங்க. போட்டும் டெஸ்ட்டு மாறலை. இன்னும் போய்க்கிட்டுத்தான் இருக்கியான்னு கேட்டாரு. அன்னிக்கே எங்கண்ணன் வந்து கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க."

அவள் அழவில்லை. அழுது தீர்ந்துபோன குரல் அது. நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், ஏனென்றால் எனக்கு அப்போது எல்லாம் தெரிந்துவிட்டது.

நண்பர்களே, அந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. ஒருவகைக் கொழுப்புப் பொருளைக் குழாயில் வைத்து, அதன் மேல் போய் ஒட்டும் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறது. அந்தக் கிருமி வந்தவர்களுக்கு அப்படிப்பட்ட எதிர்ப்பொருள் உண்டாகும். கிருமியே வராமல், உடம்பு தவறாகத் தன் மேலேயே திரும்பும்போதும் அது உண்டாகும். அந்த ஆன்டிபாடிதான் ரத்தக்குழாய்களின் உள்சுவரைச் சீண்டி, ரத்தத்தை உறைய வைக்கிறது. நஞ்சுக்கொடியின் பொடிக் குழாய்களை அடைத்து இரண்டு குழந்தைகளையும் கொண்டுபோனது அதுதான். காரிமங்கலத்தில் ஒரு குடும்பத்தை இரண்டாக்கியதும், இப்போது கால் விரலைக் கறுக்க வைப்பதும் அதுதான்.

சர்க்கரை? அதுவும் இதே எதிர்ப்பொருள் கூட்டத்தின் வேலைதான். சர்க்கரையை உள்ளே விடு என்று இன்சுலின் வந்து சொல்வதைக் கேட்டுக்கொள்ள ஒவ்வொரு உயிரணுவிலும் ஓர் ஏற்பி இருக்கிறது. மிக அபூர்வமாகச் சிலருக்கு அந்த ஏற்பியின் மேலேயே போய் உட்காரும் எதிர்ப்பொருள் உண்டாகும். அப்புறம் எத்தனை குப்பி இன்சுலின் ஊற்றினாலும் உயிரணுவுக்குக் கேட்காது. கணையமோ இன்னும் இன்னும் என்று சுரந்து தள்ளும். அந்த வெள்ளம்தான் முகத்தையும் கழுத்தையும் கறுக்க வைக்கிறது. அடுப்புச் சூடு இல்லை.

கொள்ளைநோயாக வரும் காய்ச்சலிலிருந்தும் துருப்பிடித்த ஆணியிலிருந்தும் நம்மை நாள்தோறும் காப்பாற்றுகிற படை இது. நாம் போடும் தடுப்பூசி எல்லாம் இதை நம்பித்தான். இதுவரை சந்தித்திராத கிருமிக்குக்கூடப் பொருந்தும் வடிவம் ஒன்று நம் ரத்தத்தில் முன்கூட்டியே காத்திருக்கிறது. அதே திறமையோடு, அதே துல்லியத்தோடு, உடம்பிலுள்ள கோடானுகோடிப் பொருள்களில் இன்சுலின் ஏற்பி என்ற ஒன்றை மட்டும் தேடிப் பிடித்து மூடியிருந்தது. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்குக் கோபமோ பயமோ வரவில்லை. கோயில் கர்ப்பக்கிரகத்தின் முன்னால் நிற்பதுபோல் இருந்தது.

ஆனால் நின்றுகொண்டே இருக்க முடியாது. கால் கறுத்துக்கொண்டிருந்தது.

இந்த நோய்களில் பழுத்த நிபுணர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். "நீங்க நினைக்கிறதுதான் சரியா இருக்கும். ஏற்பி மேல இருக்கிற ஆன்டிபாடியக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் எல்லா இடத்துலயும் கிடையாது. சாம்பிளை அனுப்புங்க, ரிசல்ட் வர வாரக்கணக்காகும். அதுக்காகக் காத்திருக்காதீங்க. ரத்தக்கட்டைத் தடுக்கிற ஊசியும் ஸ்டீராய்டும் இன்னிக்கே ஆரம்பிங்க," என்றார்.

அதைச் சொல்வது எளிது. யோசித்துப் பாருங்கள். ரத்தம் உறைய நேரமாகிறது என்று ஆய்வகம் எழுதிக் கொடுத்த பெண்ணுக்கு, ரத்தத்தை இன்னும் உறைய விடாத மருந்து. எண்ணே காட்டாத அளவுக்குச் சர்க்கரை இருப்பவளுக்கு, சர்க்கரையை ஏற்றுகிற மருந்து. நான் தப்பாகக் கணித்திருந்தால் இரண்டில் ஏதாவது ஒன்று அவளைக் கொன்றுவிடும். கணிப்பு சரி என்று காட்ட என் கையில் எதுவும் இல்லை. வார்டில் ஒருவர் முகத்தையும் நான் பார்க்கவில்லை.

நேராக சர்ஜனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டார்.

"நீங்க சொல்றது தப்பா இருந்தா?"

"முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும். இல்ல அதைவிட மோசமா ஆகலாம்."

"சரியா இருந்தா?"

"பாதம் முழுசா மிஞ்சும். நீங்க இப்போ வெட்டினா, அதே காரணத்தால வெட்டின இடமும் ஆறாம கறுக்கும்."

அவர் எழுந்து என்னோடு வந்தார். மாதேஸ்வரியின் பாதத்தில் கறுப்பு முடியும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். "நாளைக்குக் காலை வரைக்கும். கறுப்பு இந்தக் கோட்டைத் தாண்டிச்சுன்னா நான் உங்களைக் கேக்க மாட்டேன்."

முனிராஜிடம் நான் எதையும் மறைக்கவில்லை. அவன் நேராகவே கேட்டான்: "சக்கரை ஏறும்னு நீங்களே சொல்றீங்க. அதையே ஏன் குடுக்கிறீங்க?"

"சர்க்கரை ஏறினது நோய் இல்லை முனிராஜ். அவ ரத்தத்துல ஒண்ணு தப்பா நடக்குது. அதை அடக்குற மருந்து இது. கொஞ்ச நாள் இதைவிட மோசமாத்தான் தெரியும். அதைத் தாண்டணும். தாண்டுவான்னு நினைக்கிறேன். நிச்சயமாச் சொல்ல முடியாது."

அவன் தங்கையைப் பார்த்தான். மாதேஸ்வரிதான் பதில் சொன்னாள். "மேடம் சொல்றதச் செய்ங்கண்ணா. இவங்கதான் எங்கிட்ட என்ன நடந்துச்சுன்னு கேட்டாங்க."

மறுநாள் காலை எனக்கு முன்பே சர்ஜன் அங்கே இருந்தார். போர்வையை விலக்கிவிட்டு, பாதத்தைக் கையில் ஏந்தியபடி நின்றிருந்தார். கோட்டுக்கு வெளியே இருந்த நீலம் ரோஜா நிறத்துக்குத் திரும்பியிருந்தது. கறுப்பு கோட்டைத் தாண்டவில்லை. கொஞ்சம் உள்ளே வாங்கியிருந்தது என்றுகூடச் சொல்லலாம். "சூடா இருக்கு," என்றார். ஒரு நிமிடம் கழித்து, என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல், "சூடா இருக்கே," என்று மறுபடியும் சொன்னார். கையை அவர் எடுக்கவே இல்லை. நானும் தொட்டுப் பார்த்தேன். ஒரு பாதம் வெதுவெதுப்பாக இருப்பது எவ்வளவு பெரிய செய்தி என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. முடிவில் சுண்டுவிரலின் நுனி மட்டும் காய்ந்து தானாக உதிர்ந்தது.

சர்க்கரை சொன்னபடியே ஏறியது. அந்த நாட்களைத் தாண்டினோம். பிறகு எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் ரத்த அணுக்களைக் குறைக்கிற மருந்தைச் சென்னையிலிருந்து வரவழைத்துச் சுற்றுச் சுற்றாகக் கொடுத்தோம்.

இதற்கிடையில், அந்தப் பால்வினைக் கிருமிக்கென்றே உள்ள இன்னொரு பரிசோதனையையும் அனுப்பியிருந்தேன். ஒருமுறை அந்த நோய் வந்திருந்தால், ஊசி போட்டுக் குணமான பிறகும் அது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். இல்லை என்று வந்தது. அந்த நோய் அவளுக்கு என்றைக்குமே வந்ததில்லை.

"உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நான் பேசட்டுமா?" என்று மாதேஸ்வரியிடம் கேட்டேன். அவள் அனுமதி இல்லாமல் பேசக் கூடாது. நல்ல செய்தியாக இருந்தாலும் கூடாது. ஒரு நாள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பேசுங்க மேடம். ஆனா என் முன்னாடி பேசுங்க."

கோவிந்தராஜ் வந்தார். கட்டிலருகே நாற்காலி போட்டும் உட்காரவில்லை. நான் முழுவதையும் சொன்னேன். முதல் பரிசோதனை எதைப் பார்க்கிறது, ஏன் அப்படிக் காட்டியது, இப்போது எடுத்ததில் என்ன வந்தது. அவர் தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த ரெண்டு குழந்தைங்க?" என்றார்.

"அதே காரணம்தான். ரெண்டு பேர்லயும் தப்பு இல்லை."

அப்போதுதான் உட்கார்ந்தார். மாதேஸ்வரி அவரைப் பார்த்துச் சொன்னாள். குரல் உயரவில்லை. "நான் சொன்னப்ப நம்பல. ரத்தத்த எடுத்துப் பாத்தப்புறம்தான் நம்பறீங்க. மொதல்லயும் ரத்தத்தத்தான் நம்புனீங்க."

  எங்கள் தொழிலில் ஒரு முடிவை எழுதிக் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு அந்த நாற்காலியை நான் காட்ட விரும்புவேன். ஒரு வார்த்தையை நாம் சொல்கிறோம். அது வீட்டுக்குப் போய் என்னென்ன செய்கிறது என்று நமக்குத் தெரிவதில்லை. கர்ப்பிணிக்கு அப்படி ஒரு முடிவு வந்தால், இரண்டாவது பரிசோதனை வரும் வரை யாரிடமும் எந்த நோயின் பெயரும் சொல்லாதீர்கள்.

மாதேஸ்வரி ஒகேனக்கல்லுக்குப் போவதும் அடுத்த சுற்று மருந்துக்கு வருவதுமாக இருந்தாள். இன்சுலின் தேவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தாலும் சாதாரண ஆளோடு ஒப்பிட்டால் இன்னும் பயங்கரமான அளவுதான். தொலைபேசியில் பேசிய நிபுணர் ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: "அடைச்சிருக்கிறது திறக்கிற நாள்தான் ஆபத்தான நாள். அது சொல்லிட்டு வராது."

அது ஒரு மதியம் வந்தது. வார்டில் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா சிஸ்டர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சர்க்கரை தொண்ணூறு. பக்கத்தில் பயிற்சி டாக்டர் மதிய ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தார்.

"இத்தனை மாசத்துல முதல் தடவையா கன்ட்ரோல் ஆயிருக்கு மேடம். இப்போ நிறுத்தினா திரும்ப ஏறிடும். அதே டோஸையே போட்டுடலாமா?"

நியாயமான கேள்விதான். எந்த மருந்தில் இறங்கியதோ அதை நிறுத்தக் கூடாது என்றுதான் நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். ஆனால் இவளுக்கு இறங்கியது மருந்தால் இல்லை. ஏற்பிகளின் மேல் உட்கார்ந்திருந்தவை எழுந்து போயிருக்கின்றன. பூட்டிய வீட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்த வெள்ளத்தை, கதவு திறந்த பிறகும் ஊற்றினால் உள்ளே இருப்பவர் மூழ்கிவிடுவார். தவிர, காலையில் போட்ட ஊசி இன்னும் உடம்பில் இருக்கிறது.

"ஊசியைக் கீழே வைங்க. இன்னிக்கு இன்சுலின் இல்லை," என்றேன். "குளுக்கோஸ் டிரிப் போடுங்க. சிஸ்டர், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை குத்திப் பார்த்துக்கிட்டே இருங்க. மாதேஸ்வரி, களி இருக்கா? இப்பவே சாப்பிடு."

"சாப்பிடலாமாங்க?" என்று கேட்டாள். ஒரு உருண்டை களியை முழுதாகச் சாப்பிட்டு எத்தனை மாதமாயிற்றோ அவளுக்கு.

அவள் சாப்பிட்டாள். நான் வெளிநோயாளிகளை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அறுபதுக்கு இறங்கியது. வியர்த்தது. குளுக்கோஸை வேகமாக விட்டோம். எழுபது. மறுபடி அறுபது. அந்த ஊசியைப் போட்டிருந்தால் அவளை இழந்திருப்போம் என்று பயிற்சி டாக்டருக்குத் தானாகவே புரிந்தது. அவரையே அடுத்த முறை குத்திப் பார்க்கச் சொன்னேன். வெயில் சாய்ந்தபோது தொண்ணூற்றைந்தில் நின்றது. அப்படியே நின்றது. ஒரு சொட்டு வெளி இன்சுலின் இல்லாமல், வயிற்றில் ஒரு உருண்டை களியோடு, அவளுடைய சொந்தக் கணையம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை மாதமும் அது சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அன்றைக்குத்தான் உடம்புக்குக் கேட்டது.

நாங்கள் மூவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம். சாதாரணமான எண். உங்களுக்கும் எனக்கும் நாள் முழுக்க யாரும் கவனிக்காமல் நம் உடம்பு காப்பாற்றிவரும் எண். ஜெசிந்தா சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார்.

மாதேஸ்வரி கேட்டாள்: "என் ஒடம்பே எனக்கு ஏன் மேடம் இப்படிப் பண்ணுச்சு?"

"தெரியாதும்மா. உலகத்துல யாருக்கும் இன்னும் முழுசாத் தெரியாது," என்றேன். நோயாளியிடம் தெரியாது என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இருந்ததில்லை; ஆனால் அன்றைக்குப் போல மனநிறைவோடு சொன்னதும் இல்லை.

அவள் காரிமங்கலத்துக்குத் திரும்பிப் போகவில்லை. ஓராண்டு கழித்து கோவிந்தராஜ்தான் டெம்போவோடு ஒகேனக்கல் பக்கம் வந்து சேர்ந்தார். அவள் கூப்பிட்டாளா, அவராக வந்தாரா என்று நான் கேட்டதில்லை. முகத்தின் கறுப்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை மட்டும் ஆயுசுக்கும். குழந்தை வேண்டும் என்றால் அந்த மாத்திரையை நிறுத்தி ஊசிக்கு மாற வேண்டும், அதற்கு முன்கூட்டியே வந்து சொல்ல வேண்டும் என்று இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக வந்தபோது அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"இது திரும்பி வருமாங்க மேடம்?"

"வரலாம். வராமலும் போகலாம்."

"வந்தா நீங்க இருக்க மாட்டீங்களே."

"வேற டாக்டர்ங்க இருப்பாங்க."

"அவங்க என்னப் பாத்தா மொதல்ல என்ன நெனப்பாங்கன்னு எனக்குத் தெரியுங்க," என்றாள். "நீங்களே அவங்ககிட்ட சொல்லி வெச்சுடுங்க."

சொல்லிவிட்டேன், மாதேஸ்வரி.